எடுப்போரும் கொடுப்போரும்: ஆசிரியர் இணையக் களஞ்சியச் சோதனை பற்றி ஒரு திறனாய்வு

ஆசிரியர்கள் தாம் ஆக்கிய பயிற்சித்தாள், படவில்லை, பாடத்திட்டம், வினாத்தாள் முதலியவற்றை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ளுதற்கென இணையத்தில் அமைக்கப்பெறும் பொதுக் களஞ்சியங்கள் இன்று பலவாகிவிட்டன. அவற்றை அமைப்பது அரசாயினும், பல்கலைக்கழகமாயினும், வணிக நிறுவனமாயினும், அமைத்த பின்னர் எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. “இத்துணைப் பொருட்செலவில் அமைத்துக் கொடுத்தும் ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்களில்லையே” என்பது அப்பேச்சு. ஆசிரியர்தம் சோம்பல், கணினி அச்சம், பழைமைப் பற்று ஆகியவை காரணங்களாக அடுக்கப்படுகின்றன. அமைத்த பொருளில் குறையிருக்கலாம் என்னும் எண்ணம் கடைசியாகவே தோன்றுகிறது. பல வேளைகளில் தோன்றுவதேயில்லை.

இவ்வழக்கை மாற்றுதற்கு எழுந்த முறையே பயன்பாட்டுச் சோதனை என்பது. ஒரு கருவியைப் பயன்படுத்த வேண்டியவரையே அழைத்து, அதன் முன்னர் அமர்த்தி, உண்மையான ஒரு வேலையைக் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தவறான பொத்தானை அழுத்துகிறார், எங்கே பெருமூச்சு விட்டுக் கைவிடுகிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்வது இதன் நடைமுறை. சோதிக்கப்படுவது கருவியே, அதன்முன் அமர்ந்தவர் அல்லர். அவர் தடுமாறினால் தோற்றது கருவி. தேர்வு நடத்தியே பழகிய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் மனத்திற் பதிவதில்லை. சோதனைக்கு அழைக்கப்பெறும் ஆசிரியரும் தமக்கே மதிப்பெண் இடப்படுவதாக எண்ணி வியர்ப்பதுண்டு.

முறை நல்லது. ஆனால், ஆசிரியர் களஞ்சியங்களுக்கு அது பொருத்தப்பெறும் வகை குறையுடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பகிர்வு என்பது இருவர் செயல். ஒருவர் கொடுக்கவேண்டும், மற்றொருவர் எடுக்கவேண்டும். சோதனைகளோ பெரும்பாலும் எடுப்போரை மட்டும் அமர்த்திப் பார்க்கின்றன. அவ்வாறு பார்க்கும்போதும், தமிழாசிரியரை அவர்தம் மொழியில், அவர்தம் வேலையில் வைத்துப் பார்ப்பது அரிதாகவே உள்ளது.

மலேசியாவில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தை ஆசிரியப் பெருமக்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாட்டுப் பள்ளிகளையெல்லாம் இணையத்தால் பிணைத்து, ஃபிராக் என்னும் மெய்ந்நிகர் கற்றல் தளத்தை அவற்றிற்கு அளிப்பது அதன் நோக்கம். அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டிற்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்தளம் விடப்பட்டு, கூகல் கிளாஸ்ரூம் அதனிடத்துக்கு வந்தது. 2020 ஜூனில் டெலிமா தளம் தொடங்கப்பெற்றது. சிங்கப்பூரில் எஸ்.எல்.எஸ். எனப்படும் மாணவர் கற்றல் தளம் 2018 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. ஆசிரியர்கள் தம் பாடங்களைப் பிறருடன் பகிர்ந்துகொள்ள அதனுள் ஒரு பொதுக்கூடமும் உண்டு.

கணக்காய்வு ஒரு தொகையைத் தரும். எத்தனை பேர் வந்தனர் என்பது அத்தொகை. வந்து திரும்பிப் போனவர் ஏன் போனார் என்பதை அது சொல்லாது. நூலகத்தின் வாயிற் பதிவேட்டை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, நூல்கள் எட்டாத உயரத்தில் அடுக்கப்பட்டிருப்பதை அறியாதிருத்தல் போன்றது இது. அந்த ‘ஏன்’ என்னும் வினாவுக்கு விடைகாணவே சோதனை வேண்டப்படுகிறது. ஆகலின், கோடிக்கணக்கில் செலவிடப்பெறும் எத்தளத்திற்கும் சோதனையறிக்கை எங்கே என்று கேட்கும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு.

இனி, சோதனையின் இலக்கணத்தைச் சிறிது காண்போம். ஐ.எஸ்.ஓ. 9241 என்னும் உலகத் தரவரிசையின் 11ஆம் பகுதி 1998இல் வெளிவந்தது, 2018இல் திருத்தப்பெற்றது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில், எவ்வளவு நிறைவாகவும், எவ்வளவு சிக்கனமாகவும், எவ்வளவு மனநிறைவோடும் எய்துகின்றனர் என்பதே பயன்படுதன்மை என அது வரையறுக்கிறது. ‘குறிப்பிட்ட’ என்னும் அடைமொழி மூன்று இடங்களில் வருவதை நோக்குக. பொதுவாகப் ‘பயன்படுத்த எளிய தளம்’ என்று ஒன்று இல்லை என்பது இதனால் பெறப்படும். யார்க்கு எளிது, எதற்கு எளிது, எங்கே எளிது என்று கேட்டாலன்றி அச்சொல்லுக்குப் பொருளில்லை. கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில், விரைவான இணைப்பில், இளைஞர் ஒருவர்க்கு எளிதாயிருந்தது, தோட்டப்புறத்துச் சிறுபள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைக்கு எளிதாயிருக்கும் என்று எவ்வாறு கொள்வது?

வேலை கொடுக்கும் முறையில் நேரும் பிழையை முதலில் எடுத்துக்கொள்வோம். “வளங்கள் என்னும் பகுதிக்குச் சென்று, தமிழ்மொழி என்பதைத் தெரிவுசெய்து, ஒரு பயிற்சித்தாளைப் பதிவிறக்கம் செய்க” என்று வேலைத்தாள் கூறுமாயின், அது சோதனையன்று, வழிகாட்டி. பொத்தானின் மேலுள்ள சொல்லையே வினாவில் வைத்துவிட்ட பின்னர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் வெற்றி பெறுவர். விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்கும் வினாத்தாளை நம் பள்ளித் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்வாரா? “திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு வலிமிகும் இடங்களைக் கற்பிக்கவேண்டும், வகுப்பில் மூவர் இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கின்றனர், உங்களுக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி வாய்மூடி இருப்பதே சோதனை. அப்போதுதான் ஆசிரியை எச்சொல்லைத் தட்டுகிறார் என்பது வெளிப்படும். தமிழைப் பொறுத்தவரை வழக்கெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அவர் ‘வலிமிகும் இடங்கள்’ என்று தட்டுகிறார் என்று கொள்வோம். அதற்கு மிகச் சிறந்த பயிற்சித்தாள் ஒன்றை வேறோர் ஊர் ஆசிரியர் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறார். ஆனால் அதற்கு அவர் இட்ட பெயர் ‘வல்லினம் மிகும் இடம்’. இன்னொருவர் ‘ஒற்று மிகுதல்’ என்று பெயரிட்டார். மற்றொருவர் ‘சந்தி’ என்றார். வேறொருவர், நம்மில் பலர் செய்வதுபோல, ‘இலக்கணம் 4 திருத்தியது’ என்று கோப்புக்குப் பெயர்வைத்து அப்படியே ஏற்றிவிட்டார். நால்வர் கொடுத்தும் அவ்வாசிரியைக்கு ஒன்றும் கிட்டவில்லை. ‘முடிவுகள் இல்லை’ என்று திரை சொல்லுகிறது. தமிழில் நல்ல வளமே இல்லைபோலும் என்று அவர் எண்ணிப் போய்விடுகிறார். பொருள் இருந்தும் இல்லாமற் போவது இவ்வாறே.

சொல்வேறுபாடு ஒருபுறமிருக்க, நம் மொழியின் இயல்பே இயந்திரத் தேடலுக்கு இடர் தருவது. ஆங்கிலத்தில் மரம் என்பதற்குரிய ‘ட்ரீ’ என்னும் சொல், பன்மையாகிய ‘ட்ரீஸ்’ என்பதன் உள்ளே மாறாமல் அடங்கிக் கிடக்கிறது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் எளிய தேடலுக்கும் அது அகப்படும். தமிழில் ‘மரம்’ என்பது ‘மரங்கள்’ என்பதிலும் இல்லை, ‘மரத்தின்’ என்பதிலும் இல்லை. ஈற்று மகரம் கெட்டுவிடுகிறது. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’ வாராது. ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றங்கரை’ வாராது. எண்ணிக்கையாகிய ஆறு வேண்டிய மட்டும் வரும். புணர்ச்சி வேறு. ‘தமிழ்ப் பயிற்சித்தாள்’ என்று ஒற்றிட்டு எழுதும் ஆசிரியரை, ஒற்றிடாது ஏற்றியவர் ஆக்கத்திலிருந்து அந்த ஒரு பகரமே பிரித்து வைத்துவிடக்கூடும். இலக்கணம் தவறாது எழுதியவரே தண்டனை பெறுவது வேடிக்கை. தமிழ்ச் சொல்லைப் பகுத்து அதன் அடியைக் காணும் வழிகள் கணினித் தமிழில் இல்லாமலில்லை. அவற்றைத் தளத்தில் சேர்க்கவேண்டும் என்னும் தேவை, தமிழில் தேடிப் பார்த்தவர்க்குத்தான் தெரியும்.

எழுத்துக் குறியீட்டையும் நோக்கவேண்டும். தமிழுக்கு இடம் தந்த ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் நம் ஆசிரியர்தம் கணினிகளில் நிறைய உள. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் இயந்திரத்துக்கு அவை வேறெழுத்துகளே, தேடலில் சிக்கா. ஒருங்குறியிலும் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஓரெண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் என ஈரெண்களாகவும் வைக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்க என்பது ஒருங்குறி விதி. அதைப் பின்பற்றாத தேடற்பொறி ஒரே சொல்லை இரண்டெனக் கருதும். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை, விசைப்பலகையில் அவ்வெழுத்தைக் காணாதவர், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி உருவாக்கிவிடுகின்றனர். இவை ஒன்றென்று கூறும் விதியும் இல்லை. ஆத்திசூடிக்குப் பாடத்துணைப்பொருள் தேடும் ஆசிரியர் அவ்வையின் பாதி ஆக்கங்களைக் காணாமலே போவதற்கு இது போதும்.

நாட்டெல்லையும் இடையே நிற்கிறது. மலேசியாவில் ‘ஐந்தாம் ஆண்டு’ என்பது சிங்கப்பூரில் ‘தொடக்கநிலை ஐந்து’. தமிழ்நாட்டில் ‘ஐந்தாம் வகுப்பு’. ஜொகூர் பாலத்தின் இருமருங்கிலும் உள்ள இரு தமிழாசிரியர்கள் ஒரே திருக்குறளுக்கு ஒரே நாளில் இருவேறு பயிற்சித்தாள்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உழைப்பு மற்றவர் கண்ணிற் படாது.

இக்குறைகளுள் ஒன்றுகூட ஆங்கிலத்திலோ மலாயிலோ நடத்தப்பெறும் சோதனையில் வெளிப்படா. அச்சோதனையில் தளம் முழுவெற்றி பெறும். தமிழ்ப்பகுதியும் அதே தளத்தில் உள்ளதால் அதுவும் வென்றதாகவே அறிக்கை எழுதப்படும். சோதனையின்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது ஒரு முறை. 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் இதனைக் கணினிக் கருவிகளைச் சோதிக்கும் துறைக்குக் கொண்டுவந்தார். தமிழாசிரியரை அழைத்து, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சிந்திக்கச் சொன்னால் என்ன நிகழும்? அவர் சிந்தனையைச் சொல்லமாட்டார், மொழிபெயர்ப்பைச் சொல்வார். ‘இது எங்கே போய்த் தொலைந்தது’ என்று தமிழில் எழும் எரிச்சல், ‘ஓகே, ஐ திங்க் இட்ஸ் ஹியர்’ என்று இனிமையாக வெளிப்படும். குறிப்பெடுப்பவர் எரிச்சலைக் காணமாட்டார்.

தமிழெழுத்தை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர் என்பதை ஈண்டு இடைப்பிறவரலாகச் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டில் அப்பணியில் முன்னின்ற நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கி, தமிழ்த் தட்டச்சை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தார். கருவி செய்யத் தெரிந்த சமுதாயம் கருவியைச் சோதிக்கவும் தெரிந்ததாய் இருக்கவேண்டாமா?

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்னும் வினாவுக்கு ‘ஐவர்’ என்னும் விடை வாய்பாடுபோல் வழங்குகிறது. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் அமைத்த ஒரு கணக்கிலிருந்து வந்தது அது. ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களைக் கண்டுகொள்வாராயின், ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கண்டுவிடுவர் என்பது கணக்கு. நீல்சன் 2000ஆம் ஆண்டில் இதனை எளிய கட்டுரையாக எழுதியபின் எங்கும் பரவிற்று. மறுப்பும் உடனே எழுந்தது. ஜேரட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் 2001இல் வணிகத் தளங்களைச் சோதித்தபோது, முதல் ஐவர் கண்டது 35 விழுக்காடே என்றனர். இவ்வழக்கு எவ்வாறாயினும், நீல்சன் அக்கட்டுரையிலேயே சொல்லியிருந்த ஒன்றைப் பின்வந்தோர் பலர் விட்டுவிட்டனர். பயனர் ஒரே வகையினராயின் ஐவர் போதும். தம்முள் வேறுபட்ட வகையினராயின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஆள் வேண்டும் என்பது அது. எடுப்போரும் கொடுப்போரும் இருவகையினர். முப்பதாண்டு அனுபவத்தோடு நூற்றுக்கணக்கான தாள்களை வைத்திருப்பவர் ஒருவகை. சென்ற ஆண்டு பணியில் சேர்ந்து ஒவ்வோரிரவும் தேடிக்கொண்டிருப்பவர் மற்றொருவகை. இவருக்குரிய ஐவரைக்கொண்டு அவரை அளத்தல் ஆகாது.

மனநிறைவை அளக்கும் வினாத்தாள் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். ஜான் புரூக் என்பார் 1986இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ஆக்கிய பத்துக் கூற்றுகளைக் கொண்ட அளவுகோலே இன்றளவும் பெருவழக்கு. கூற்றுகள் ஒன்றுவிட்டொன்று உடன்பாடும் எதிர்மறையுமாக அமைந்தவை. மதிப்பு பூச்சியம் முதல் நூறு வரை. நூற்றுக்கு என்றவுடன் விழுக்காடு என்று கொள்வார் உளர், அது விழுக்காடன்று. பல சோதனைகளை ஒப்பிட்டவர்கள் 68 என்பதைச் சராசரியாகக் காட்டுகின்றனர். அறுபது பெற்ற தளம் ‘முதல் வகுப்பில் தேறியது’ என்று நம்மவர் மகிழ்வாராயின் அது தவறு. அது சராசரிக்கும் கீழ்.

இவ்வளவுகோலின் எட்டாம் கூற்றில் ‘கம்பர்சம்’ என்றோர் ஆங்கிலச் சொல் இருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் பலர்க்கு அச்சொல் விளங்கவில்லை என்று கிரெய்க் ஃபின்ஸ்டாட் 2006இல் எடுத்துக்காட்டினார்; பின்னர் அதனிடத்து வேறு சொல் இடப்பெற்றது. ஒரு சொல்லுக்கே இந்நிலையாயின், பத்துக் கூற்றுகளையும் அவசரத் தமிழில் பெயர்த்து நீட்டினால் என்னாகும்? அன்றியும், நம் பண்பாட்டில் ஒன்றை அமைத்துக் கொடுத்தவர் எதிரே நிற்க, அதனைக் குறைகூறுதல் மரியாதையன்று என்றெண்ணும் ஆசிரியர் பலர். அதிலும் கேட்பவர் கல்வி அமைச்சைச் சேர்ந்த அதிகாரியாயின், ‘நன்றாக இருக்கிறது ஐயா’ என்பதற்குமேல் என்ன வரும்? எழுதித் தரும் மதிப்பெண்ணைவிட, எழுந்து போகும்போது அவர் முகம் இருந்த இருப்பே நம்பத்தக்கது. குறைகாணச் சொல்லிக் கேட்பவர் அத்தளத்தை அமைத்தவராய் இல்லாதிருத்தல் நலம்.

இனிக் கொடுப்போர் பக்கம் வருவோம். கட்டுரையின் கருத்துக்கு இதுவே உயிரானது.

ஒரு தாளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற என்னென்ன செய்யவேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்நுழைய வேண்டும், கடவுச்சொல் மறந்திருக்கும். கோப்பைத் தெரிவுசெய்யவேண்டும். தலைப்பு, பாடம், ஆண்டு, கற்றல் தரத்தின் எண், திறவுச்சொற்கள், சுருக்க விளக்கம் ஆகியன எழுதவேண்டும். பதிப்புரிமை குறித்த உறுதிமொழிக்கு ஒப்பவேண்டும். பின்னர் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டும். அதே தாளை டெலிகிராம் குழுவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இட இரண்டு முறை விரலால் தொட்டாற் போதும். அரைமணிக்குள் ‘நன்றி ஐயா’, ‘மிக்க நன்றி டீச்சர்’ என்று இருபது பேர் எழுதிவிடுவர். ஆசிரியர் பகிர்வதில்லை என்று யார் சொன்னது? நாள்தோறும் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார். பொதுக் களஞ்சியத்தில் பகிரவில்லை, அவ்வளவே. புதிய தளத்தைச் சோதிப்போர் அதனைப் பழைய தளத்தோடு ஒப்பிடுகின்றனர். ஒப்பிடவேண்டியது கைப்பேசிக் குழுவோடு.

அச்சமும் உண்டு. கைப்பேசிக் குழுவில் இருப்போர் தெரிந்தவர். பொதுத் தளத்தில் யார் பார்ப்பர் என்பது தெரியாது. ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தால், ‘தமிழாசிரியர்க்கே சந்தி தெரியவில்லை’ என்று யாரேனும் சொல்வரோ? எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படத்துக்கு யாரேனும் உரிமை கேட்பரோ? நம் பெயரை அழித்துவிட்டுத் தம் பெயரை இட்டு விற்பரோ? இவ்வச்சங்களைச் சோதனையறை காணாது. ஏனெனின், ‘இம்மாதிரிக் கோப்பை ஏற்றுக’ என்று சோதிப்பவரே ஒரு கோப்பைக் கொடுத்துவிடுகிறார். பிறர் கோப்பை ஏற்றுவதில் யார்க்கு என்ன கூச்சம்? ஆசிரியர் தம் சொந்தத் தாளைக் கொண்டுவருமாறு சொல்லிப் பாருங்கள். ஏற்றுதற்கு முன் அவர் அதனைத் திறந்து மறுமுறை படிப்பார். ஓரிடத்தைத் திருத்துவார். ‘இது வேண்டாம், இன்னொன்று வைத்திருக்கிறேன்’ என்பார். ‘உறுதி கூறுகிறேன்’ என்னும் கட்டத்தின்முன் அவர் விரல் நிற்கும். அந்த நிற்றல்தான் களஞ்சியம் வெறுமையாய் இருப்பதன் காரணம்; அதனைப் பார்க்காத சோதனை எதைப் பார்த்தது?

கொடுப்போர் விருப்பமும் எடுப்போர் விருப்பமும் முரணுவதும் உண்டு. தம் உழைப்பு சிதையாதிருக்கக் கொடுப்பவர் அதனைத் திருத்தவியலாத பி.டி.எஃப். கோப்பாகப் பூட்டி இடுகிறார். எடுப்பவர்க்கோ தம் வகுப்புக்கேற்ப இரண்டு வினாக்களை மாற்றியாகவேண்டும். சுங்கை சிப்புட் தோட்டப்பள்ளிக்கு ரப்பர் மரத்தை வைத்து எழுதிய வாசிப்புப் பகுதி, அடுக்குமாடி வீட்டில் வளரும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு மாற்றமின்றிப் பொருந்தாது. கற்றற்பொருள் ஒன்று தன் சூழலோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு நன்கு கற்பிக்கும். அவ்வளவுக்கே பிறரால் எடுத்தாள இயலாததாகவும் இருக்கும் என்று டேவிட் வைலி என்னும் அமெரிக்கக் கல்வியாளர் முன்னரே ஒரு முரணாக எடுத்துக் கூறியுள்ளார். எடுப்பவரை மட்டும் தனியே அமர்த்தினால் ‘பதிவிறக்கம் வெற்றி’ என்று குறிக்கப்படும். பதிவிறக்கியவர் அன்றிரவு முழுதும் அதனை மறுபடி தட்டச்சு செய்தது குறிக்கப்படாது.

ஆகவே, இரு பகுதியாகச் சோதிக்கவேண்டும் என்பது எமது கருத்து. முதலில் ஆசிரியர் ஐவர் தம் சொந்த ஆக்கங்களை, தம் சொந்தச் சொற்களால் பெயரிட்டு ஏற்றட்டும். இரு வாரம் கழித்து, அவர்களை அறியாத வேறு ஐவர், அவ்வாக்கங்கள் எவற்றுக்குப் பயன்படுமோ அத்தேவையை மட்டும் கேட்டறிந்து, தேடட்டும். முன்னவர் இட்ட பெயரும் பின்னவர் தேடிய சொல்லும் எத்தனை இடத்தில் சந்தித்தன என்பதைக் காண்க. கிடைத்ததை வகுப்பில் பயன்படுத்தினரா, எதை மாற்றினர், மாற்றியதைத் திருப்பி ஏற்றினரா, முதலில் கொடுத்தவர்க்கு ஒரு சொல்லேனும் எழுதினரா என்பதை ஒரு மாதம் கழித்துக் கேட்க. நேரத்தைக் கடிகாரம் வைத்து அளக்கும் வழக்கத்தை இங்கே சிறிது தளர்த்தலாம். நான்கு மணித்துளியில் கிடைக்கவேண்டியது பத்து மணித்துளி ஆயிற்று என்றால், தளம் மந்தம் என்பதும் பொருளாகலாம். வழியில் வேறு மூன்று நல்ல தாள்களைக் கண்டு அவர் அங்கே நின்றுவிட்டார் என்பதும் பொருளாகலாம். நல்ல நூலகத்தில் நேரம் போவது குறையன்று.

“குழுக்களே போதுமே, களஞ்சியம் எதற்கு?” என்பாரும் உளர். குழுவில் இட்ட தாள் நாள்தோறும் வரும் நூறு செய்திகளுக்கு அடியில் புதைகிறது. கைப்பேசியை மாற்றினால் போயிற்று. இவற்றினும் பெரிய குறை, குழுவில் சேர்த்துக்கொள்ள ஒருவர் அறிமுகம் வேண்டும் என்பது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுள் 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள் பல. மாணவர் மிகக் குறைந்துபோன இடங்களில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் வைத்து ஒருவரே கற்பிக்கவேண்டியுள்ளது. இருநிலைக்கும் ஒருங்கே பொருந்தும் தாள் கடையில் கிடைக்காது. அதை ஆக்கித் தம் கணினியில் வைத்திருப்பவர் அத்தகைய வேறொரு பள்ளியின் ஆசிரியர்தாம். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே குழுவிலும் இரார். அறியாதார் இருவரை இணைப்பது பொதுக் களஞ்சியம் ஒன்றினாலேயே இயலும். அக்களஞ்சியம் தமிழ்த் தேடலில் தோற்றுப்போவதால் இழப்பு யார்க்கு என்றால், அந்த அறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே.

செலவு மிகும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஓய்வுநேரத்தில் ஆசிரியர் அறையில், ஒருவர் தேட, ஒருவர் பக்கத்திலிருந்து வாய்திறவாது குறித்துக்கொள்ள, ஒரு தாளும் எழுதுகோலும் போதும். வாய்திறவாதிருப்பதுதான் கடினம், ‘அதோ, அங்கே அழுத்துங்கள்’ என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் நம் தொழிலோடு பிறந்தது. தமிழாசிரியர் சங்கங்கள் இதனைப் பல பள்ளிகளில் ஒரே வாரத்தில் செய்வித்து, தேடிய சொற்களையும் தேடிக் கிடையாதவற்றையும் ஒரு பட்டியலாக்கித் தளம் நடத்துவோரிடம் அளிக்கலாம். ‘ஆசிரியர்கள் விரும்பவில்லை’ என்னும் பேச்சுக்கு அப்பட்டியலே விடையாகும்.

தளம் நடத்துவோர் தாமே சோதனை நடத்துவதாயின், ஐவரை அழைக்கும்போது இருவரேனும் நகர்ப்புறத்துக்கு வெளியேயுள்ள சிறுபள்ளியினராய் இருத்தல் வேண்டும். அவர்களைத் தலைநகருக்கு வரவழைப்பதைவிடச் சோதிப்பவர் அப்பள்ளிக்கே சென்று, அங்குள்ள கணினியிலும் அங்குள்ள இணைப்பிலும் பார்ப்பதே முறை. அப்பகலில் அவ்வாசிரியரின் இரண்டு வகுப்புகளையும் பார்த்துக்கொள்ள மாற்றாசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும் வேண்டும்.